பாப்பா கட்டிய ஊர்

முத்துமாரி துணை

மேல்கணக்கு,
றக்வான.
09.03.2025, ஞாயிறு

அன்பு மகன் பிரதீபனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, அதனால் நானும் அம்மாவும் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் அந்தக் குளிர் நாட்டில் காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற அப்பா இதென்ன புதிதாகக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது மகன், அதுதான் கஷ்டம். நீ அந்தப் பக்கம் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும்போது சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஏழு மாதமாக நிற்கிறது. உன் கம்பெனியில் வேலை செய்கிற கொடகவெல ஷிஹாப் லீவு முடிந்து வியாழக்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறான், புதன்கிழமை நம் வீட்டுக்கு வருவான், அவன் கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். தங்கச்சி பாப்பாவுடைய கேம் மிஷினை வாங்கிக்கொண்டு வா என்று நீ அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நான் கொடுக்கப் போவது இந்தக் கடிதம். ஏன் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுவேன், ஆனால் ஒரேயடியாக எழுத எனக்குத் தைரியம் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசி.

அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் நல்லது என்றார்கள். மாத்திரையைத்தான் மறக்கிறாள், நான் ஞாபகப்படுத்தினால் உங்க பிரஷர் குளிசைய முதல்ல போடுங்க என்று என் வாயை அடைத்துவிடுகிறாள். இங்கே மாசி வெயில் கொளுத்துகிறது, மலையில் கொழுந்து இல்லை, பெண்கள் பாதி நாள் வீட்டில்தான். தேயிலை ஸ்டோரில் எனக்கு ரோலர் அறை வேலை குறையவில்லை, இலை கொஞ்சம் வந்தாலும் மிஷின் ஓடத்தானே வேண்டும். அடுப்படிப் பக்கத்துக் கூரைத் தகரம் இரண்டை மாற்றினேன். மேல் லயத்துக் கோகிலாவுக்கு, பாப்பாவோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தாளே அவளுக்கு, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா சவர்க்காரமும் குட்டிச் சட்டையும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள், சிரித்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள், வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டு என்ன செய்ய.

டிவியில் மாட்டுகிற மற்ற மிஷினைத் தொடுகிறீர்களா அல்லது தூசி பிடித்துக் கிடக்கிறதா என்று போன கிழமை கேட்டாய். தொடுகிறேன். நீ லீவில் வந்து அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வளர்ந்த எருமைக்கு விளையாட்டு ஒரு கேடா என்று திட்டிய அதே ஆள்தான், இப்போது ஸ்டோரில் இருந்து வந்து குளித்து சாயத்தண்ணி குடித்ததும் நானே போய் அதைப் போடுகிறேன். சிரிக்காதே, எனக்கும் இப்போது அபிப்பிராயம் எல்லாம் உண்டு. அந்தக் கார் ரேஸ் இருக்கிறதே, அதைச் செய்தவன் வாழ்க்கையில் ஒரு நாளாவது றக்வான ரோட்டில் பஸ்ஸில் வந்திருக்க மாட்டான். வளைவில் திரும்பினால் எதிரே ஒன்றும் வருவதில்லை, மாடு படுத்திருக்கவில்லை, மண் சரிந்து கிடக்கவில்லை, சுவரில் போய் மோதினாலும் பெயின்ட் கூடப் போகாமல் கார் நடு ரோட்டில் வந்து நிற்கிறது. அது ரேஸ் இல்லை, ஊஞ்சல். பந்து விளையாட்டும் எனக்குச் சரிவரவில்லை, அதில் ஒருவன் விடாமல் கத்திக்கொண்டே இருக்கிறான், அவன் வாயை மூடுவது எந்தப் பட்டன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சமையல் கேம் நல்ல கேம், அதில் குறை சொல்ல மாட்டேன், அடுப்பும் சட்டியும் ஓட்டமும் சண்டையும் தீபாவளிக்கு முதல் நாள் நம் வீடு மாதிரியே இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். தொடங்கும்போதே இரண்டு சமையல்காரனைக் காட்டுகிறது, ஒருவன் நிறத்தோடு நிற்கிறான், மற்றவன் சாம்பலாக நின்று யாராவது வருவார்களா என்று பார்க்கிறான். இரண்டு தரம் போட்டுவிட்டு அணைத்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அடுப்படியில் நான் செய்யிறது போதாதா, டிவியிலயும் செய்யணுமா என்கிறாள்.

நீ ரொம்ப நல்லது என்று சொன்ன அந்த வாள் கேம்தான் இப்போது போட்டிருக்கிறேன். மலையைச் செய்தவன் கெட்டிக்காரன், அதை ஒத்துக்கொள்கிறேன். பனி இறங்கி வருவது நம் மலையில் பின்னேரம் இறங்குவது மாதிரியே இருக்கிறது, புல் ஆடுகிறது, தூரத்தில் மழை பெய்வது தெரிகிறது, காலில் ஏறுகிற அட்டை மட்டும்தான் இல்லை. நான் அதில் நடந்துகொண்டே இருப்பேன். சண்டை வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, நடக்கத்தான் தெரியும். போன வெள்ளிக்கிழமை ஒரு பாறை ஓரமாக நடத்திக்கொண்டு போனேன், அந்த ஆள் கீழே விழுந்து செத்துப்போனான். டிவி கறுத்தது. நான் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், மூன்று செக்கன் இருக்காது, அதே ஆள் அதே பாறைக்கு மேல் எழுந்து நிற்கிறான், வாள் முதுகில், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. சத்தமாகவே கேட்டுவிட்டேன், இவனுக்கு மட்டும் எப்படியடா என்று. அம்மா அடுப்படியில் இருந்து வந்து பார்த்துவிட்டு, டிவியை அணைத்து, ரிமோட்டை என் கையில் இருந்து வாங்கி வைத்தாள். நானும் அழுதேன், அவளும் அழுதாள். உனக்கு இதை எழுதக்கூடாது, ஆனால் யாருக்கு எழுத.

நடக்கத்தான் தெரியும் என்று எழுதினேனே, அது ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ பாப்பாவுக்குக் கையில் வைத்து விளையாடுகிற மிஷினை அனுப்பியபோது டயலிசிஸ் தொடங்கி மூன்று மாதம். கிழமைக்கு மூன்று நாள் விடியும்போதே இங்கிருந்து பஸ் ஏறி, கொடகவெல, பெல்மதுளை என்று இரத்தினபுரிக்குப் போய், நான்கு மணித்தியாலம் அந்தக் கட்டிலில் அவள் படுத்திருக்க வேண்டும். இடது கையில்தான் இரண்டு பெரிய ஊசியும், அந்தக் கையை அசைக்கவே கூடாது. வலது கை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மிஷினில் ஒன்றும் செய்ய முடியாது, நடக்க வைக்கிற பட்டன் இடது பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். இரண்டாம் நாள்தான் அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கழன்று வரும் என்று கண்டுபிடித்தாள். வலது பக்கத்துத் துண்டை அவள் வைத்துக்கொண்டாள், இடது பக்கத்தைக் கழற்றி என் கையில் தந்து, அப்பா, நீங்க எனக்கு நடங்க, மத்ததெல்லாம் நான் செய்யிறேன் என்றாள். அன்றிலிருந்து கடைசி வரை அப்படித்தான். திரையில் இருக்கிற பிள்ளை ஒன்றுதான், நடத்துவது நான், மரம் நடுவதும் மீன் பிடிப்பதும் கதவு திறப்பதும் அவள். தொடக்கத்தில் நான் அவளை ஆற்றில் இறக்கிவிடுவேன், மரத்தில் முட்ட வைப்பேன், ஐயோ அப்பா, பிரேக்கு புடிங்க என்று சிரிப்பாள். சுற்றிக் கட்டிலில் கிடப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். நர்ஸ் மிஸ்மார் மிஷினைச் சரிபார்க்க வரும்போது நங்கி தினும்த, தங்கச்சி ஜெயித்தாளா என்று கேட்பார்கள், அந்தக் கேமில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது என்று அவள் சிங்களத்தில் விளக்கம் சொல்வாள். இப்போது நான் டிவிக்கு முன்னால் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இடது கை தானாக ஓடுகிறது. வலது கைக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது.

அவளுக்குப் பிடித்தது ஊர் கட்டுகிற கேம் ஒன்றுதான், அது உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் உன் மிஷினில் இருந்து அவள் ஊருக்கு விருந்தாளியாக வந்தாயே. வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள், நாமே மரம் வைத்து ரோடு போட்டு வீடு கட்ட வேண்டும், பேசுகிற ஆடும் வாத்தும் வந்து குடியிருக்கும். இங்கே மழைக்காலம் என்றால் அங்கேயும் மழைக்காலம். நாலு நாள் போகாமல் இருந்தால் களை முளைத்துவிடும், ஆடு வந்து இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கும். இந்தக் கேமைச் செய்தவனுக்கு மட்டும் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று அந்த ஊரில் இருந்தது. நீ வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கு மேலே இருக்கிற சின்னப் பாலத்தைக் கழற்றி வைத்துவிடுவாள், நீ மேட்டுப் பக்கம் போகாமல் இருக்க. போனதும் திரும்பப் போடுவாள். மேட்டில் உனக்கு ஒன்று செய்துகொண்டிருந்தாள். அண்ணன்கிட்ட வாய் தவறிக்கூடச் சொல்லிறாதீங்க, லீவுல வந்தா இந்த மிஷினை நானே கையில குடுத்துப் பாக்கச் சொல்லுவேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஆடி மாதம் அது முடிந்துவிட்டது. அப்போதும், நான் இல்லாட்டி நீங்க குடுங்க அப்பா என்று சாதாரணமாகச் சொன்னாள், பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. வாய மூடு என்று அதட்டிவிட்டேன். அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல். இரண்டே நாள். நீ டிக்கெட் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, நீ வந்து உன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்ததும் முடிந்துவிட்டது, அதற்காக நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே, ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, தப்பு அடித்து, கோடி போட்டு, பெட்டியை மூடப் போகிற நேரம். நம் லயத்து வழக்கம் உனக்குத் தெரியும், போகிறவர்கள் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே வைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்து அலைவார்கள் என்பது. தாத்தாவுக்கு வெற்றிலைப் பெட்டி வைத்தோம், கீழ் லயத்துக் கிழவருக்கு அரைப் போத்தல் வைத்ததைப் பார்த்து நீயும் பாப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பெரியப்பா வந்து என் தோளைத் தொட்டு, தம்பி, புள்ள ஆசப்பட்டது எதையாச்சும் வச்சிருங்க, வெறுங்கையோட அனுப்பாதீங்க என்றார். அம்மா பாப்பாவுடைய சிவப்புச் சேலையை எடுத்து வந்து வைத்தாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது உன் நினைவு வரவில்லை மகன், சத்தியம் வாங்கினது நினைவு வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவள் வலது கை வெறுமையாக இருந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது. உள்ளே போய் மிஷினை எடுத்து வந்தேன். கழன்று கிடந்த இரண்டு பக்கத்தையும் சரியாக மாட்டினேன். அந்தக் கையைத் தூக்கி மிஷினை அதற்குக் கீழே வைத்து, சேலைத் தலைப்பால் மூடினேன். நம் லயத்துச் சுதாகரன் போனைப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தான், அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது, நீ திரும்ப லைனில் வந்தபோது பெட்டியை மூடியாகிவிட்டது. மிஷின் நான் உனக்குச் சொன்னபடி போன் திருத்துகிற நஸீம் கடையில் இல்லை. பழுதும் இல்லை. பாப்பாவோடு மண்ணுக்குள் இருக்கிறது, என் கையால் வைத்தேன்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோதுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மனுஷன் மயங்கிட்டான் என்று எல்லோரும் தண்ணீர் தெளித்தார்கள். பதினாறாம் நாள் நீ போனில் அழுதுகொண்டே, அந்த மிஷின பத்திரமா வச்சிருங்க அப்பா, பாப்பா எனக்கு ஏதோ சர்ப்ரைஸ் இருக்குன்னு சொன்னா என்றாய். சார்ஜர் பழுதாகிவிட்டது, நஸீமிடம் கொடுத்திருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு கொழும்பில் இருந்து பார்ட்ஸ் வர வேண்டும் என்றேன், பிறகு நஸீம் மக்காவுக்கு உம்ரா போயிருக்கிறான் என்றேன், பாவம் அவன் கடையிலேயே இருந்தான். உன் அம்மாவுக்கு நான் சொன்ன பொய் ஒன்றும் தெரியாது. உனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாப்பாவ வெறுங்கையோட அனுப்பல என்று அவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். அவள் போனில் அந்தப் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் நான் போனைப் பிடுங்கினேனே, அப்பாவுக்கு என்ன வர வர இவ்வளவு அவசரம் என்று நீ கேட்டாயே, அதுதான் காரணம்.

தை மாதம் நஸீமிடம் உண்மையைச் சொன்னேன். அவன் கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டான். பிறகு மெதுவாக, ஊர் எல்லாம் மிஷினுக்கு உள்ளுக்குத்தான் ஈக்கும் மாமா, நெட்டுல ஒரு பிரதி ஏத்தி வச்சீந்தா எடுக்கலாம், தங்கச்சி வைக்கல்ல என்றான். இவ்வளவு மழைக்கு அது என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். ஈரத்துல எல்லாம் போயீக்கும், ஆனா சில நேரம் உள்ளுக்கு இருக்கிற சிப்பு தப்பும், நூத்துக்கு அஞ்சுன்னு வைங்க என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த அஞ்சு என்னைத் தூங்கவிடவில்லை. களை முளைத்திருக்குமா என்றுகூட அவனிடம் கேட்டேன், பைத்தியக்காரக் கேள்விதான், பெட்டரி முடிந்தால் அங்கே நாளும் நின்றுவிடும் மாமா, களை முளைக்காது என்றான். போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு பாப்பா இருக்கிற இடத்துக்குப் போனேன். தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணை வழியாகப் போனால் யாராவது கேட்பார்கள் என்று ரப்பர் மலைக்குள் இறங்கிப் போனேன். போய்ப் பார்த்தால் அம்மா எப்போது வந்து வைத்தாளோ தெரியாது, மண் மேட்டைச் சுற்றிச் செவ்வந்தி நாற்று நட்டு, தென்னோலைத் துண்டால் வெயிலுக்கு மறைப்புக் கட்டியிருக்கிறாள். மம்பட்டியால் அந்த நாற்றுக்குக் கொஞ்சம் மண் அணைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்வது உண்மை என்றால், அதை வைக்காமல் விட்டிருந்தால் அவள் அதைத் தேடிக்கொண்டு வந்திருப்பாள் அல்லவா. வரட்டுமே. என் பிள்ளை என் வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன பயம். அவள் வருவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் நானே எடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்த நினைப்பு வந்தால் ரோலர் ஓடும்போதே வாசல் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

கேமில் இருந்த அந்த மேட்டை அவளைத் தவிரப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் பார்த்ததை எழுதுகிறேன், விட்டால் எனக்கும் மறந்துவிடும், இப்போதே சிலது கலங்குகிறது. பாலத்தைத் தாண்டினால் கல் படி பதினொன்று, ஏறும்போது இடது பக்கம் முழுக்க ரம்புட்டான் மாதிரி ஒரு சிவப்புப் பழ மரம், ரம்புட்டான் அந்தக் கேமில் இல்லை, அதனால் இதுதான் கிட்ட வருது என்று தேடி வைத்தாள். மேலே ஒரு வீடு. தனி வீடு, லயம் மாதிரி ஒட்டிக்கொண்டு இல்லை, சுற்றி ஆள் நடக்க இடம் விட்டிருந்தாள். கதவு நீலம். அது உன் வீடு. வாசலில் பலகையில் உன் பெயர். உள்ளே போனதும் ஹோல், பாய் மாதிரி ஒரு விரிப்பு, மூலையில் உன் கிரிக்கெட் மட்டைக்குப் பதிலாக ஒரு மட்டை, அது கிடைக்க நாங்கள் இரண்டு கிழமை மீன் பிடித்தோம், நான் ஆற்றங்கரையில் நடக்க அவள் தூண்டில் போட. உள் அறையில் கட்டிலும் ஜன்னலும், ஜன்னலில் அவள் வீட்டு விளக்கு தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தாள். பின்னால் பெரிய அறை ஒன்று, அங்கே நீள மேசை, மேசையைச் சுற்றி எட்டு நாற்காலி. ஒன்றும் ஒன்று மாதிரி இல்லை, எட்டும் எட்டு விதம். எதுக்கு பாப்பா எட்டு என்று கேட்டேன். ஊசி குத்தின கையை அசைக்காமல் மற்றக் கை விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள். அண்ணன் ஒண்ணு, அண்ணி ஒண்ணு, அவங்க புள்ளைங்க ரெண்டு பேரு, அப்பா, அம்மா, நானு. ஏழு ஆச்சே என்றேன். எட்டாவது எனக்கும் ஒரு ஆள் கெடச்சா உக்கார வேணாமா அப்பா, அவர மட்டும் நிக்க வைப்பீங்களா என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு அவளை அந்த மேசையைச் சுற்றி நடத்திக்கொண்டே இருந்தேன், இரண்டு சுற்று, மூன்று சுற்று, போதும்பா தலை சுத்துது என்னும் வரைக்கும். அவ்வளவுதான் மகன் உனக்கு வைத்திருந்தது. எனக்குத் தெரிந்த வரை ஒன்றையும் விடவில்லை.

இனி நீ சொல்வதுதான். நூற்றுக்கு ஐந்து என்று நஸீம் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். தோண்டுங்கள் அப்பா என்று நீ சொன்னால் தோண்டுகிறேன், பெரியப்பாவிடமும் தோட்டத்தாரிடமும் கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன், அம்மாவிடமும் நானே சொல்கிறேன், அது உன் வேலை இல்லை. சித்திரை மழைக்கு முன்னால் சொல்ல வேண்டும், மழை பிடித்தால் அந்த மண்ணில் ஒன்றும் செய்ய முடியாது. என் மனதைக் கேட்டால் வேண்டாம், பிள்ளையைத் தொந்தரவு செய்யாதே என்கிறது. ஆனால் என் மனதைக் கேட்டு ஒரு தரம் செய்ததுதான் இந்தக் கதி, அதனால் என்னை நம்பாதே. அது உன்னுடையது. அவள் உனக்குத்தான் வைத்தாள், தபால்காரன் நான், தொலைத்தவன் நான். கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், போனிலேயே திட்டு, அம்மாவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

ஷிஹாபிடம் ஸ்டோர்த் தேயிலைத் தூள் ஒரு பக்கெட்டும், அம்மா இடித்த மிளகாய்த் தூளும், கருவாடும் கொடுத்து அனுப்புகிறோம், கருவாட்டைத் தனியாகச் சுற்றியிருக்கிறோம், அவன் உடுப்பில் வாசம் ஏறினால் நம்மைத்தான் ஏசுவான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. வேலை முடிந்து வந்து விடிய விடியக் கேம் போட்டுக்கொண்டு இருக்காதே, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, போனில் தெரிகிறது. தடித்த ஜெக்கட் இல்லாமல் வெளியே இறங்காதே. தண்ணீர் நிறையக் குடி, நான் ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், வருடத்துக்கு ஒரு தரம் இரத்தம் சோதித்துப் பார், அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது உனக்காக அதைத்தான் கேட்கிறாள். உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் நல்ல மனதுள்ள ஒரு பெண்ணும் கிடைக்க வேண்டும், நாங்கள் இருக்கும்போதே உன் பிள்ளைகளைத் தூக்க வேண்டும் என்று இரண்டு பேரும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்கிறோம். இதை வாசித்ததும் போன் எடு. தோண்டு என்றாலும் சொல், வேண்டாம் என்றாலும் சொல், என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் வாயைத் திறந்து சொல். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே மகன். இரண்டு பிள்ளையில் ஒரு பிள்ளை பேசாமல் இருப்பதையே எங்களால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கந்தையா